பக்கத்தைப் புதுப்பிக்காமல் கட்டுரைகளைக் கொண்டுவருதல்

அவைத்தலைவர் அவர்களே, இணையத்தளங்களை உருவாக்கும் பணியில் இருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பட்டியலின் அடியில் உள்ள ‘மேலும் கட்டுரைகள்’ என்ற பொத்தானை வாசகர் அழுத்தியவுடன், பக்கம் முழுவதும் மறுபடி ஏறாமல், அடுத்த பத்துக் கட்டுரைகள் மட்டும் பின்னணியில் வந்து சேர வேண்டும். இதுவே எனக்குத் தரப்பட்ட பொருள். நிரலளவில் இது சில வரிகளில் முடிந்துவிடும் வேலைதான். ஆனால் அந்தச் சில வரிகளை எழுதும்போதே, அதுவரை உலாவி தானாகப் பார்த்துவந்த பல பொறுப்புகளை அதனிடமிருந்து வாங்கி நம் தலையில் ஏற்றிக்கொள்கிறோம். அந்தப் பொறுப்புகளைப் பற்றியே இங்கே அதிகம் பேச விரும்புகிறேன்.

இந்த வசதி புதியதன்று. அவுட்லுக் மின்னஞ்சலை உலாவிக்குள் காட்ட முயன்ற மைக்ரோசாப்ட் குழுவினரின் தேவைக்காகப் பிறந்து, 1999ஆம் ஆண்டு மார்ச்சில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உடன் அது வெளிவந்தது. 2004 ஏப்ரலில் ஜிமெயிலும் 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸும் வந்தபிறகுதான் அதன் வலிமை பரவலாகப் புரிந்தது. அந்த பிப்ரவரியிலேயே இணைய வடிவமைப்பாளர் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த முறைக்கு ‘அஜாக்ஸ்’ என்று பெயரிட்டு எழுதினார். இப்போது இந்த வேலைக்கு நாம் பயன்படுத்தும் ஃபெட்ச் என்ற கட்டளை 2015 முதல் உலாவிகளில் இடம்பெறத் தொடங்கியது.

வேலை நடக்கும் விதம் எளியது. கோரிக்கையைச் சேவையகத்துக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை காத்து நிற்காமல், உலாவிக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் தன் மற்ற வேலைகளைத் தொடர்கிறது. ஆகவே வாசகர் படித்துக்கொண்டும் பக்கத்தை நகர்த்திக்கொண்டும் இருக்கலாம். பதில் பெரும்பாலும் ஜேசான் என்ற எளிய தரவு வடிவில் வரும்; அதைப் பிரித்துப் பட்டியலின் கடைசியில் சேர்க்கிறோம். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால், 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்தே இதற்கான ஏபிஐ, அதாவது நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறும் வழி, உள்ளேயே இருக்கிறது. வேறொன்றும் குறிப்பிடாவிட்டால் ஒரு முறைக்குப் பத்துக் கட்டுரைகள், கேட்டால் நூறு வரை கிடைக்கும். மொத்தம் எத்தனை பக்கங்கள் என்ற விவரமும் பதிலோடு வரும் குறிப்புகளான ஹெடரிலேயே வருகிறது. அதைப் பார்க்காமல், பிழை வரும்வரை அடுத்த பக்கத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும் தளங்கள் இருக்கின்றன என்பது வியப்புக்குரியது.

பிழையைச் சொல்லும் பொறுப்பு முதலாவது. முழுப் பக்கத்தைக் கேட்டு அது வராவிட்டால் உலாவியே வாசகரிடம் சொல்லிவிடும். ஃபெட்சோ, ‘பக்கம் இல்லை’ என்னும் 404 வந்தாலும் ‘சேவையகத்தில் பிழை’ என்னும் 500 வந்தாலும் ‘பதில் கிடைத்தது’ என்றே எடுத்துக்கொள்கிறது. கோரிக்கை பிணையத்தில் தடைபட்டால் மட்டுமே அது தோல்வி. பதிலின் நிலையை நாமே சரிபார்க்காவிட்டால், சுழலும் வட்டத்தைப் பார்த்தபடி வாசகர் காத்திருக்க வேண்டியதுதான். பதில்கள் கேட்ட வரிசையில் வரும் என்ற நம்பிக்கையும் கூடாது. ஒருவர் ‘அரசியல்’ பிரிவைத் தொட்டு, உடனே மனம் மாறி ‘விளையாட்டு’ப் பிரிவைத் தொட்டால், தாமதமாக வரும் முதல் பதில் இரண்டாவதன்மேல் வந்து உட்கார்ந்துவிடும், ஆகவே பழைய கோரிக்கையை, அதற்கென்றே உலாவியில் உள்ள அபார்ட் கன்ட்ரோலர் கொண்டு நிறுத்திவிட வேண்டும்.

பக்க எண்ணைக் கொண்டு கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. வாசகர் முதல் பத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் புதிதாக ஒன்றை வெளியிட்டால், எல்லாம் ஓரிடம் கீழே தள்ளப்பட்டு, பத்தாவது கட்டுரை இரண்டாம் பக்கத்தில் மறுபடி வந்து நிற்கும். செய்தித் தளங்களில் இது அன்றாடம் நிகழக்கூடியது. ‘இரண்டாம் பக்கம்’ என்று கேட்பதைவிட, ‘கடைசியாகக் காட்டிய கட்டுரையின் தேதிக்கு முந்தையவை’ என்று கேட்பதே பொருத்தம்.

எல்லாவற்றிலும் கனமானது முகவரி பற்றிய பொறுப்பு. 2010இல் ட்விட்டரும், 2011 பிப்ரவரியில் அமெரிக்க வலைப்பதிவு நிறுவனமான காக்கர் குழுமத்தின் தளங்களும், # குறியையும் ஆச்சரியக்குறியையும் சேர்த்த முகவரிகளுக்கு மாறின. # குறிக்குப் பின்னால் வருவதை உலாவி சேவையகத்துக்கு அனுப்புவதே இல்லை. ஆகவே சேவையகம் வெறும் கூட்டை மட்டும் தரும், உள்ளடக்கம் முழுவதையும் ஜாவாஸ்கிரிப்ட் வந்துதான் நிரப்ப வேண்டும். காக்கரில் அந்த ஜாவாஸ்கிரிப்ட் ஒருநாள் வராமற்போனதும், கட்டுரைகள் சேவையகத்தில் பத்திரமாக இருந்தும், வாசகர் கண்டது வெற்றுப் பக்கங்களையே. ட்விட்டர் 2012 மே மாதம் சேவையகத்திலேயே பக்கத்தை உருவாக்கும் முறைக்குத் திரும்பியபோது, பக்கம் முதன்முதலில் ஏறும் நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக அறிவித்தது. தேடுபொறிக்காக 2009இல் இத்தகைய முகவரிகளை முன்மொழிந்த கூகுளும் 2015இல் அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது. இன்று உலாவியின் ஹிஸ்டரி வசதியைக் கொண்டு, # குறியின் தயவில்லாமல் உண்மையான முகவரியையே மாற்றலாம். கட்டுரையைத் திறந்து படித்துவிட்டுப் ‘பின்செல்’ பொத்தானை அழுத்தும் வாசகரை, அவர் விட்ட இடத்திலேயே நிறுத்துவதற்கும் அதுதான் வழி.

தமிழில் வெளியிடுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டியலில் காட்டும் சுருக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு எண்ணி வெட்டும்போது, அது எழுத்தை எண்ணுவதில்லை, குறியீட்டை எண்ணுகிறது. ‘தமிழ்’ என்ற சொல் அதற்கு ஐந்து. நான்கில் வெட்டினால் புள்ளி உதிர்ந்து ‘தமிழ’ ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே உள்ள, எழுத்துகளைப் பிரித்துத் தரும் இன்டில் செக்மென்டரைப் பயன்படுத்தி எழுத்தெல்லையில் வெட்டலாம், அல்லது சொல்லெல்லையில் வெட்டலாம். சேவையகத்திலேயே வெட்டி அனுப்புவது இன்னும் நல்லது.

பக்கம் கீழே வரவரத் தானாகவே கட்டுரைகள் வந்துகொண்டிருக்கும் முறை எனக்கு உடன்பாடன்று. அடியில் இருக்கும் தொடர்பு விவரங்களை வாசகர் எட்டவே முடியாது. விசைப்பலகையால் நகர்பவரும் திரைவாசிப்பான் கொண்டு படிப்பவரும் தாம் எங்கே இருக்கிறோம் என்று அறியாமல் திண்டாடுவர். பொத்தானே போதும். அந்தப் பொத்தானையும், இரண்டாம் பக்கத்தின் உண்மையான முகவரியைத் தாங்கிய சாதாரண இணைப்பாக முதலில் எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேர்ந்தபின் அது அந்த இணைப்பின் சொடுக்கை இடைமறித்துப் பின்னணியில் கட்டுரைகளைக் கொண்டுவரட்டும், வராவிட்டால் பழையபடி அடுத்த பக்கம் திறக்கட்டும். எழுதி முடித்ததும் உலாவியின் டெவலப்பர் கருவியில் பிணைய வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்து ஒருமுறையும், ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்துவிட்டு மற்றொரு முறையும் திறந்து பாருங்கள். உங்கள் கேள்விகளை இப்போது கேட்கலாம்.