அது தடுப்பூசி இல்ல மக்களே! 42 மணி கோர்த்து வச்சிருக்கேன், வாங்க பார்ப்போம்

வணக்கம் மக்களே. இன்னைக்கு மியூசிக், இன்ட்ரோ எதுவும் போடல, நேரா விஷயத்துக்கு வந்துடுறேன், ரெண்டு நாளா மனசுல ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. ஒரே வீடியோவை உங்கள்ல ஏழு பேர் எனக்கு அனுப்பியிருக்கீங்க. தம்ப்நெயில்ல பெரிய சிரிஞ்சு, பக்கத்துல சிரிக்கிற தாத்தா, மேல "மறதி நோய்க்கு தடுப்பூசி வந்தாச்சு". உள்ள போய் பார்த்தா அவங்க பேசுறது பூரா லெகனமாப்ங்கிற அல்சைமர் மறதி நோய் மருந்தைப் பத்தி. அது தடுப்பூசியே இல்லங்க! அதைப் பார்த்துட்டு ஒருத்தவங்க எனக்கு எழுதியிருக்காங்க, "அப்பாவுக்கு இதைப் போட்டா என்னை மறுபடி அடையாளம் தெரியுமா"ன்னு. அந்த மெசேஜைப் படிச்சப்புறம் தூக்கம் வரல, அதான் உக்காந்து இதைக் கோர்த்தேன்.

இதோ பாருங்க. இன்சுலின் வீடியோல ஸ்பிரிங் வச்சு காட்டினேன்ல, அதே மாதிரி இது மணிமாலை. ஒவ்வொரு மணியும் ஒரு அமினோ அமிலம். மொத்தம் 42. அமிலாய்ட் பீட்டான்னு ஒரு புரதம் சொல்றோமே, இந்த நோய்ல மூளையில செல்லுக்கு வெளிய படிவு படிவா சேர்ந்து கிடக்குமே, அதோட ஒரு சரம் இதுதான்.

இந்த 42 வர்றதுக்கு நான் பட்ட பாடு இருக்கே! முதல் தடவை கோர்த்து முடிச்சு எண்ணினா 41. சரின்னு முடிச்சை அவிழ்த்து ஒண்ணு சேர்த்தேன், எண்ணினா 43. மறுபடி அவிழ்த்து, பத்து பத்தா பிரிச்சு வச்சு, நடுவுல போன் அடிச்சு, திரும்ப முதல்ல இருந்து. நாலாவது தடவைதான் சரியா வந்தது, அப்ப நான் கத்துன சத்தத்துல பூனை கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. ஒரு மணி கூடக் குறைய இருந்தா என்னன்னு கேப்பீங்க. இருக்குங்க. உடம்புல இதுல 40 மணி வகைதான் நிறைய உருவாகுது, 42 மணி வகை கம்மி. ஆனா கடைசில இருக்கிற இந்த ரெண்டு மணி, இதோ, இதாலதான் 42 வகை சீக்கிரம் ஒட்டிக்கிட்டு உறையுது. ரெண்டே ரெண்டு மணி! அதனாலதான் நான் விடாப்பிடியா எண்ணினேன்.

இப்ப நிஜமான தடுப்பூசிக் கதை. 1999ல டேல் ஷெங்க்னு ஒரு விஞ்ஞானி, ஈலன் கம்பெனியில இருந்தவர், இந்த 42 மணியையும் முழுசா எலிக்கு ஊசி போட்டார். யோசிச்சுப் பாருங்க, எதை எதிரின்னு சொல்றோமோ அதையே உள்ள ஏத்துறது. எலியோட இம்யூன் சிஸ்டம் அதுக்கு எதிரா ஆன்டிபாடி செஞ்சது. குட்டியில போட்ட எலிக்குப் படிவு கிட்டத்தட்ட வரவே இல்ல, வயசான எலிக்குக் கூட நல்லா குறைஞ்சது. எனக்கு இந்த ஆராய்ச்சி மேல தனி மரியாதை, இப்ப வர்ற எல்லா மருந்துக்கும் பிள்ளையார் சுழி அதுதான்.

அப்புறம் மனுஷங்களுக்குப் போட்டாங்க, ஏஎன்1792னு பேரு. 2002 ஜனவரியில நிறுத்த வேண்டியதாயிடுச்சு. ஊசி போட்டவங்கள்ல 18 பேருக்கு, அதாவது நூத்துக்கு ஆறு பேருக்கு, மூளையிலயும் மூளை உறையிலயும் வீக்கம். 12 பேர் தேறிட்டாங்க, 6 பேருக்குப் பாதிப்பு போகாம தங்கிடுச்சு. இதைச் சொல்லும்போது எனக்கு எப்பவும் தொண்டை அடைக்கும், ஏன்னா நோயோட இருந்துக்கிட்டே நம்ம எல்லாருக்காகவும் கை நீட்டினவங்க அவங்க.

என்ன தப்பாச்சுன்னா, மாலையை கேமரா கிட்ட கொண்டு வரேன், தெரியுதா? முதல் 15 மணிக்கு சிவப்பு போட்டிருக்கேன். ஆன்டிபாடி பெரும்பாலும் இந்த சிவப்புப் பக்கத்தைத்தான் புடிக்குது. மிச்சம் இருக்கிற நீலப் பக்கம் இம்யூன் சிஸ்டத்தோட டி செல்லை உசுப்பி விடுது. டி செல் கிளம்பி மூளைக்குள்ள வந்ததுதான் அந்த வீக்கத்துக்குக் காரணம்னு கருதுறாங்க. சரி, நீலத்தை வெட்டிட்டா? அதைத்தான் அடுத்து செஞ்சாங்க. சிஏடி106ன்னு ஒண்ணு முதல் ஆறு மணி மட்டும், ஏசிசி001 முதல் ஏழு, யூபி311 முதல் பதினாலு. எவ்ளோ அழகான யோசனை பாருங்க! ஆனா இன்னைக்கு வரைக்கும் அல்சைமருக்குன்னு ஒரு தடுப்பூசி கூட அனுமதி வாங்கல. இதை ரெண்டு தடவை சொல்றேன், ஒரு தடுப்பூசி கூட.

அப்போ லெகனமாப் என்னன்னு கேட்டா, அது ரெடிமேட் ஆன்டிபாடி. தடுப்பூசின்னா உங்க உடம்பே ஆன்டிபாடி செய்யணும், இது வெளிய ஃபேக்டரியில செஞ்சு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ட்ரிப்ஸ்ல ஏத்துறது. பேரு 'மாப்'னு முடிஞ்சா ஆன்டிபாடின்னு ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரு வசதி, பிரச்சினை வந்தா ட்ரிப்ஸை நிறுத்திடலாம். தடுப்பூசியில உடம்பு ஒரு தடவை கத்துக்கிட்டதை டக்குனு மறக்க வைக்க முடியாது. வயசானவங்க உடம்பு தடுப்பூசிக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி பதில் சொல்லவும் சொல்லாது.

அய்யோ, முக்கியமான ஒண்ணை விட்டுட்டேன், 22வது மணி! நீலத்துக்கு நடுவுல இதோ இந்த மஞ்சள். வடக்கு ஸ்வீடன்ல ஒரு குடும்பத்துக்கு இந்த ஒரு மணி மட்டும் மாறியிருந்தது, அவங்களுக்கு வழக்கத்தை விட சீக்கிரமே நோய் வந்தது. உப்சாலாவுல லார்ஸ் லான்ஃபெல்ட் குழு அதை ஆராய்ஞ்சு, முழுசா உறையறதுக்கு முன்னாடி இருக்கிற அரைகுறைச் சரங்கள்தான் வில்லனா இருக்கணும்னு சொன்னாங்க. அதைக் குறி வச்சுப் பொறந்ததுதான் லெகனமாப். டொனனமாப் வேற ரகம், அது முதல் ரெண்டு மணி உதிர்ந்து மூணாவது மணி உருமாறின பழைய படிவைத் தேடிப் போய்ப் புடிக்குது. 2024 ஜூலையில அமெரிக்காவுல அனுமதி. படிவு போயிடுச்சுன்னு ஸ்கேன்ல தெரிஞ்சா மருந்தை நிறுத்திடலாம், எனக்கு அந்த விஷயம் ரொம்பப் புடிச்சிருக்கு.

இப்ப என்னைக் கடுப்பேத்துன அந்த 27 சதவீதம். "27 சதவீதம் குணம்"னு அந்த வீடியோல போட்டிருக்காங்க. இல்லவே இல்ல! லெகனமாப் சோதனையில 1795 பேர், 18 மாசம். நோயை 0ல இருந்து 18 வரைக்கும் மார்க் போடுவாங்க, மார்க் ஏறினா நோய் முத்துதுன்னு அர்த்தம். ஞாபகம், இடம் காலம் தெரியறது, முடிவெடுக்கிறது, வெளி வேலை, வீட்டு வேலை, தன்னைத் தானே பார்த்துக்கிறது, ஆறு விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 3 மார்க். வெறும் ட்ரிப்ஸ் ஏத்துனவங்களுக்கு சராசரியா 1.66 ஏறுச்சு, மருந்து ஏத்துனவங்களுக்கு 1.21. வித்தியாசம் 0.45. அந்த 0.45ஐ 1.66ஆல வகுத்தா 27 சதவீதம். அவ்வளவுதான் அந்தக் கணக்கு. ரெண்டு பக்கமும் நோய் முத்துச்சு, மருந்து பக்கம் மெதுவா முத்துச்சு. எதுல இருந்து கணக்கு போட்டாங்கன்னு சொல்லாம சதவீதத்தை மட்டும் போடறது எனக்குப் புடிக்கவே புடிக்காது. அதுக்காக 0.45ஐ நான் மட்டமா பேசல. பாபினியூசுமாப், சொலனெசுமாப், காண்டனெருமாப்னு வரிசையா தோத்த இடத்துல இது நின்னு காட்டுச்சு. சின்னது, ஆனா நிஜம்.

பக்க விளைவும் சின்னதில்ல. எட்டுல ஒருத்தருக்கு மூளையில வீக்கம் ஸ்கேன்ல தெரிஞ்சது, நிறைய பேருக்கு அறிகுறி இல்ல, ஆனா சிலருக்கு ஆபத்தாயிருக்கு. அல்சைமர் வர்ற வாய்ப்பைக் கூட்டுற ஏபிஓஇ4ங்கிற ஜீன் ரெண்டு காப்பி இருக்கிறவங்களுக்கு மூணுல ஒருத்தருக்கு. அதனாலதான் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்கச் சொல்றாங்க.

அக்கி தடுப்பூசி பத்தியும் கேட்டிருந்தீங்க, அது வேற கதை, சுருக்கமா சொல்லிடுறேன். வேல்ஸ்ல 2013ல அதை ஆரம்பிச்சப்ப 1933 செப்டம்பர் 2க்கு முன்னாடி பொறந்தவங்களுக்குக் கிடையாது, அன்னைக்கோ அதுக்கப்புறமோ பொறந்தவங்களுக்கு உண்டு. அந்தத் தேதிக்கு ரெண்டு பக்கமும் பொறந்தவங்களை ஒப்பிட்டாங்க, சில நாள் வயசு வித்தியாசம்தான். ஏழு வருஷம் பார்த்தா போட்டுக்கிட்டவங்களுக்கு டிமென்ஷியா ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பெண்களுக்கு இன்னும் நல்லா தெரிஞ்சது. 2025ல நேச்சர்ல வந்தது. அமிலாய்டுக்காக செஞ்ச ஊசியே இல்ல அது, அதான் எனக்கு ஆச்சரியம்.

எனக்கு எழுதினவங்களுக்கு: அப்பா ஒரு வருஷமா உங்களை அடையாளம் கண்டுக்கலன்னு சொன்னீங்க. இந்த மருந்துகளை சோதிச்சது ஆரம்பக் கட்டத்துல இருக்கிறவங்க கிட்ட மட்டும், போன ஞாபகத்தை எதுவும் திருப்பிக் கொண்டு வரல. இதை நேத்தே உங்களுக்குத் தனியா எழுதிட்டேன், எல்லாரும் கேட்கணும்னு இங்கயும் சொல்றேன். வீட்டுல யாருக்காவது மறதி இப்பதான் ஆரம்பிச்சிருந்தா டாக்டர் கிட்ட மூணு விஷயம் பேசுங்க, அமிலாய்ட் இருக்கான்னு பெட் ஸ்கேன்லயோ முதுகுத்தண்டு நீர்லயோ உறுதி பண்ணிட்டாங்களா, ஏபிஓஇ4 டெஸ்ட் எடுத்தாச்சா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா.

ஆங், கேமராவை ஆஃப் பண்ணப் போனேன், ரெண்டாவது மணியைக் காட்டவே இல்ல! சிவப்புக்கு நடுவுல இந்தப் பச்சை. ஐஸ்லாந்து மக்களோட ஜீன் தகவலை ஆராய்ஞ்சப்ப, இந்த ஒரு மணி மாறியிருக்கிற சிலருக்கு அல்சைமர் வர்றதே ரொம்பக் கம்மின்னு 2012ல கண்டுபிடிச்சாங்க. அவங்க உடம்புல இந்த மாலை உருவாகுறதே குறையுது. 22ல மாறினா சீக்கிரம் வருது, 2ல மாறினா தடுக்குது. மாலையை அவிழ்க்காம பத்திரமா வச்சிருக்கேன், அடுத்த வாரம் மூளை செல்லுக்குள்ள சேருற டௌ புரதம் பத்திப் பேசும்போது இது பக்கத்துலயே வேணும்.