கவுண்டி ஜெயில்: கைதியை எங்கே வைக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள்?

[காட்சி: மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பெல்ட், ஷூ லேஸ், மோதிரம்.]

வணக்கம். அமெரிக்காவில் கைதானவரை வழக்கமாக முதலில் கொண்டுபோவது கவுண்டி ஜெயிலுக்குத்தான். கவுண்டி என்றால் கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி. ஜெயிலை நடத்துவது பெரும்பாலும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஷெரிஃப். நீண்ட தண்டனை பெற்றவர்கள் மாநிலச் சிறைக்குப் போய்விடுவார்கள். இங்கே இருப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் வழக்கே இன்னும் முடியாதவர்கள். ஜாமீன் கட்டப் பணமில்லாமல் உட்கார்ந்திருப்பவர்களும் அதில் உண்டு.

கைரேகை, போட்டோ, அப்புறம் நீங்கள் பார்க்கும் இந்தப் பை. அடுத்து ஒரு படிவம். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? எப்போதாவது தற்கொலைக்கு முயன்றீர்களா? இப்போது அந்த எண்ணம் இருக்கிறதா? இந்தக் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு தரம் பிரிப்பார்கள். என்ன வழக்கு, பழைய வழக்கு உண்டா, தப்பி ஓடியவரா, எந்த கும்பல், யாரோடு பகை. ஆணும் பெண்ணும் தனித்தனி. சில ஜெயில்களில் சட்டையின் நிறத்தைப் பார்த்தே ஆள் எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

[காட்சி: நீள நடைபாதை, ஒரு பக்கம் வரிசையாகக் கம்பிக் கதவுகள்.]

பழைய ஜெயில் இப்படித்தான் இருக்கும். காவலர் நடந்து போகும்போது எதிரில் இருக்கும் அறை மட்டுமே கண்ணில் படும். அவர் தாண்டிப் போனதும் அங்கே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிறகு நடுவில் ஒரு பொதுக்கூடம், சுற்றிலும் அறைகள் என்று கட்டினார்கள். இதற்குப் பெயர் 'பாட்'. காவலர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பொத்தானை அழுத்திக் கதவு திறப்பார்.

1981-இல் கலிபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா கவுண்டி, மார்ட்டினெஸ் ஊரில் திறந்த ஜெயிலில் அந்தக் கண்ணாடியையே எடுத்துவிட்டது. காவலர் கைதிகளுக்கு நடுவிலேயே நாள் முழுக்க நடமாடுவார். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்குச் சண்டை தொடங்கிய பிறகுதான் தெரியும், கூடவே இருப்பவருக்கு ஒருவர் குரல் ஏறும்போதே தெரிந்துவிடும். என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, டெக்சாஸ் விதியைப் பார்ப்போம். 48 கைதிகளுக்கு ஒரு காவலர். 60 நிமிடத்துக்குள் ஒரு தடவை ஒவ்வொருவரையும் நேரில் பார்க்க வேண்டும். தற்கொலை அபாயம் உள்ளவர்கள் இருக்கும் பகுதி என்றால் 30 நிமிடம்.

2015 ஜூலையில் அங்கே வாலர் கவுண்டி ஜெயிலில் சாண்ட்ரா பிளாண்ட் என்ற பெண் இறந்து கிடந்தார். போக்குவரத்து விதிமீறலுக்காக போலீஸ் காரை நிறுத்தியதில் தொடங்கிய கைது. உள்ளே போய் மூன்றே நாள். தற்கொலை என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. முன்பு தற்கொலைக்கு முயன்றதாகச் சேர்க்கைப் படிவத்திலேயே பதிவாகியிருந்தது. கேள்வி கேட்டார்கள், பதிலும் வந்தது, அது படிவத்தோடு நின்றுவிட்டது. மணிக்கொரு தடவை நேரில் பார்க்கும் விதியையும் அந்த ஜெயில் மீறியதாக மாநில ஆணையம் குறை சொன்னது.

அவர் பெயரிலேயே 2017-இல் சட்டம் வந்தது. அபாயத்தில் உள்ளவர்கள் இருக்கும் அறைகளைக் காவலர் உரிய நேரத்தில் சுற்றி வந்தாரா என்பதற்கு மின்னணு சென்சாரோ கேமராவோ சாட்சியாக இருக்க வேண்டும்.

[காட்சி: இரவு. கதவருகே உள்ள கருவியில் ஒரு கை தொடுகிறது, 'பீப்' சத்தம்.]

நேரம் பதிவாகிவிட்டது. காவலர் இன்னும் நகரவில்லை. சின்ன ஜன்னல் வழியாக டார்ச் அடித்து, உள்ளே போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.