பழைய புல்லட்டுக்குப் புது ஷாக் வாங்கும் முன்

[காட்சி: வீட்டு வாசலில் சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் புல்லட். பின்சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது.]

வணக்கம். இது 1988 மாடல் புல்லட் 350. காஸ்ட் அயர்ன் எஞ்சின், வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக். அப்பா ஓட்டிய வண்டி, இப்போது என்னிடம் இருக்கிறது. பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றுகிறது, பாருங்கள். சாதாரண விஷயம்தான். ஆனால் மூன்று வருடங்களுக்கு முன் பின்பக்கம் ஒரு ஜோடி புது ஷாக் அப்சார்பர் மாட்டியபோது, இந்தச் சக்கரம் சென்டர் ஸ்டாண்டிலும் தரையிலேயே நின்றது. அது எனக்குத் தெரியவந்தது திண்டிவனம் தாண்டி நடுரோட்டில், பஞ்சரான சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தபோது. கடைசியில் இரண்டு செங்கல்லைத் தேடி எடுத்து ஸ்டாண்டுக்கு அடியில் வைத்துத்தான் கழற்றினேன்.

அந்த ஷாக் பார்ப்பதற்கு அருமையாக இருந்தது. மேலே மஞ்சள் நிற கேஸ் டப்பா, பளபளக்கும் ஸ்பிரிங். "புல்லட்டுக்கு அப்படியே உட்காரும்" என்று கடையில் சொன்னார்கள். போல்ட் உட்கார்ந்தது உண்மைதான். நீளம் 25 மில்லிமீட்டர் அதிகம்.

அதனால் இந்த வீடியோவில் பிராண்டுக்கும் விலைக்கும் முன்னால் அளவைப் பேசுகிறேன். ஒரு அளவு டேப், ஒரு நோட்டு, கூட ஒரு ஆள். இவ்வளவு போதும்.

[காட்சி: பின்பக்க ஷாக் மிக அருகில். ஸ்பிரிங், ராடு, கீழ்ப் போல்ட்.]

முதலில், இந்த உருளைக்குள் என்ன நடக்கிறது? வெளியே தெரியும் ஸ்பிரிங்தான் எடையைத் தாங்குகிறது. பள்ளத்தில் விழும்போது அமுங்கி, வாங்கிய சக்தியை அப்படியே திருப்பித் தரும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவது உள்ளே இருக்கும் டேம்பர். ஒரு பிஸ்டன், சிறு துளைகள், எண்ணெய். எண்ணெய் அந்தத் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போகும்போது அசைவு வெப்பமாக மாறுகிறது. மோசமான ரோட்டில் 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஷாக் உடம்பைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று சூடாகவும் மற்றது சில்லென்றும் இருந்தால், சில்லென்று இருப்பது வேலை செய்யவில்லை. புல்லட்டில் சைலன்சர் பக்கம் இருக்கும் ஷாக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அமைப்புக்கும் புல்லட்டுக்கும் பழைய உறவு உண்டு. இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு, 1948-இல் புல்லட்டின் முன்மாதிரி வண்டிகளைக் கரடுமுரடான பாதைப் போட்டிகளில் இறக்கியது. அவற்றின் பின்சக்கரம் ஸ்விங் ஆர்மில், அதாவது மேலும் கீழும் அசையும் ஒரு கையில், எண்ணெய் டேம்பரோடு இருந்தது. அந்தக் காலத்தில் பெரும்பாலான பைக்குகளின் பின்சக்கரம் ஃபிரேமில் அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். முதுகுக்கு வந்த அடியை சீட்டுக்குக் கீழே இருந்த ஸ்பிரிங்தான் தாங்கியது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தபோது இந்த அமைப்பும் கூடவே வந்தது. பின்பக்கம் நன்றாக வேலை செய்வது இந்த வண்டிக்குப் பிறப்பிலேயே வந்த பெருமை. அது கெட்டுக்கிடந்தால் எனக்கு உண்மையாகவே மனசு கேட்காது.

சரி, உங்கள் ஷாக் நிஜமாகவே போய்விட்டதா? பின்பக்கம் ஆடினால் எல்லோரும் முதலில் ஷாக்கைத்தான் குற்றம் சொல்கிறார்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரத்தின் ஓரத்தைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அது ஸ்விங் ஆர்ம் அசையும் இடத்தில் இருக்கும் புஷ்ஷாக இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். புஷ் தேய்ந்த வண்டியில் எவ்வளவு விலையுள்ள ஷாக்கை மாட்டினாலும் வளைவில் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குத்தான் போகும். டயர் காற்றையும் பாருங்கள். பிறகு ஷாக் ராடில் எண்ணெய்க் கசிவு, துருப்புள்ளி, வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை நிறுத்தி பின்சீட்டை ஒரே அழுத்தாக அழுத்தி விடுங்கள். எழுந்து வந்து உடனே அடங்கினால் டேம்பருக்கு இன்னும் உயிர் இருக்கிறது. இரண்டு மூன்று முறை குதித்தால் மாற்ற வேண்டிய நேரம்.

[காட்சி: கழற்றிய பழைய ஷாக்கும் மஞ்சள் டப்பா ஷாக்கும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில். குறுக்கே அளவு டேப்.]

இப்போது நீளம். மேல் போல்ட் துளையின் நடுவிலிருந்து கீழ் போல்ட் துளையின் நடு வரை, ஷாக் முழுதாக நீண்ட நிலையில் அளக்க வேண்டும். பழைய ஷாக்கில் அளந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு முன்னாலேயே யாராவது மாற்றியிருக்கலாம் அல்லவா? உங்கள் வருடத்து மாடலின் பார்ட்ஸ் புத்தகத்தோடும், கை படாத இன்னொரு வண்டியோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீளம் ஏன் இவ்வளவு முக்கியம்? புல்லட்டின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே சுமார் 1370 மில்லிமீட்டர். பின்பக்கத்தை 25 மில்லிமீட்டர் தூக்கினால் முழு வண்டியும் ஏறக்குறைய 1 டிகிரி முன்னால் சாய்கிறது. முன் ஃபோர்க் அந்த அளவுக்கு நிமிர்கிறது, ஹேண்டில்பார் லேசாகிறது, நேர்ரோட்டில் அமைதியாகப் போகும் குணம் குறைகிறது. அந்த ஷாக்கோடு 80-இல் போனபோது லாரி காற்று அடித்தாலே முன்பக்கம் சிலிர்த்தது. 1 டிகிரிதான், ஆனால் 30 வருடம் பழகிய வண்டி வேறு வண்டி மாதிரி ஆகிவிட்டது. செயினும் ஸ்விங் ஆர்மும் உரசவும் வாய்ப்பு உண்டு. குட்டையாக இருந்தால் நேரெதிர் தொல்லை. ஸ்டாண்டும் சைலன்சரும் தரையில் தேயும், பெரிய பள்ளத்தில் டயர் மட்கார்டின் உள்பக்கம் மோதும். ஒரு சில மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து.

நீளத்தோடு சேர்த்து மூன்று சின்ன விஷயங்களையும் பார்த்துவிடுங்கள். போல்ட் துளையின் விட்டம், புஷ்ஷின் அகலம், ஸ்பிரிங்கின் வெளிவிட்டம். தடிமனான ஸ்பிரிங் செயின் கவரிலோ மட்கார்டு கம்பியிலோ உரசும். துளை பெரிதாக இருந்தால் வாஷர் சுற்றி, தகடு மடித்து வைத்து ஓட்டாதீர்கள். உங்கள் முழு எடையும் அந்தப் போல்ட்டில்தான் நிற்கிறது.

அப்புறம் ஸ்பிரிங். பெரும்பாலானவர்கள் கேட்காமலே விடுவது இதைத்தான்.

ஸ்பிரிங்கின் வலு, அதை 1 மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. நியூட்டன் கணக்கில் சொல்வார்கள். வெளிநாட்டு ஷாக் வாங்கினால் பவுண்டு, அங்குலக் கணக்கில் எழுதியிருக்கும். அங்குலத்துக்கு 100 பவுண்டு என்றால் மில்லிமீட்டருக்கு 17.5 நியூட்டன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பின்னால் 60 கிலோ எடையுள்ள ஒருவர் உட்காருகிறார். தோராயமாக 600 நியூட்டன். ஏறக்குறைய முழு எடையும் பின்சக்கரத்துக்கே வரும், இரண்டு ஷாக்குக்கும் பிரித்தால் ஆளுக்கு 300. ஸ்பிரிங் 15 நியூட்டன் வலு என்றால் இன்னும் 20 மில்லிமீட்டர் அமுங்கும். 20 நியூட்டன் என்றால் 15 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் மொத்த ஓட்டமே, அதாவது பின்பக்கம் அமுங்கக்கூடிய முழுத் தூரமே, 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உட்கார்ந்தபோதே 25 போய்விட்டது. மென்மையான ஸ்பிரிங்கில் பள்ளத்துக்கு மிச்சம் 35, கெட்டியானதில் 40. வேகத்தடையில் டங்கென்று அடிப்பதும் அடிக்காததும் இந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் இருப்பதிலேயே கெட்டியானதை வாங்கிவிடலாமா? கூடாது. நீங்கள் 60 கிலோ, தினமும் தனியாகத்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் அந்த ஸ்பிரிங் அமுங்கவே மாட்டேன் என்று நிற்கும். ஒவ்வொரு சின்னப் பள்ளமும் முதுகில் குத்தும். பழைய ஃபிரேம், பழைய மட்கார்டு ஸ்டே, ஹெட்லைட் ஒயர் எல்லாம் சேர்ந்து அடி வாங்கும்.

[காட்சி: நண்பர் வண்டியை நேராகப் பிடித்திருக்கிறார். பின் அச்சிலிருந்து மட்கார்டு வரை அளக்கிறோம்.]

உங்களுக்கு எது சரி என்று வண்டியே சொல்லும். சென்டர் ஸ்டாண்டில், பின்சக்கரம் தொங்கும் நிலையில், அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளந்து எழுதுங்கள். பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, யாரும் உட்காராமல் அதையே அளங்கள். மூன்றாவதாக, நீங்கள் வழக்கமாக ஓட்டும் உடையோடும் ஹெல்மெட்டோடும் உட்கார்ந்து, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வண்டியைப் பிடிக்கட்டும், இன்னொருவர் அளக்கட்டும்.

முதல் அளவுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம், மொத்த ஓட்டத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும். 80 மில்லிமீட்டர் ஓட்டத்துக்கு 25 பக்கம். முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 10 பக்கம். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் ஸ்பிரிங் உங்களுக்கானது. நீங்கள் உட்கார்ந்த அளவு சரியாக வரவேண்டும் என்பதற்காக ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் படிகள் கொண்ட அட்ஜஸ்டர் வளையத்தைக் கடைசிப் படி வரை திருக வேண்டியிருந்து, காலி வண்டி கொஞ்சம்கூட அமுங்காமல் நின்றால் ஸ்பிரிங் மென்மையாக இருக்கிறது. காலி வண்டியே நிறைய அமுங்கி, நீங்கள் ஏறியபின் பெரிதாக மாறவில்லை என்றால் ஸ்பிரிங் கெட்டி.

அந்த அட்ஜஸ்டர் வளையத்தைத் திருகினால் ஷாக் கெட்டியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கின் வலு மாறாது. வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். பின்னால் ஆள் ஏறும்போது இழந்த உயரத்தைத் திரும்பப் பெறத்தான் அந்தப் படிகள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும்.

ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் சுற்றிய ஸ்பிரிங்கும் கிடைக்கிறது. ஆரம்பத்தில் மென்மையாக அமுங்கும், நெருக்கமான சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியபின் கெட்டியாகும். வாரநாளில் தனியாக, ஞாயிற்றுக்கிழமை மனைவி, பை, பழக்கூடையோடு என்று ஓட்டுபவர்களுக்கு அது நல்ல சமரசம். என் வண்டியில் இப்போது இருப்பதும் அதுதான்.

[காட்சி: மஞ்சள் டப்பா ரம்பத்தால் குறுக்கே அறுக்கப்படுகிறது.]

கேஸ் டப்பாவைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. எண்ணெயும் காற்றும் ஒரே அறையில் இருந்தால், தொடர்ந்து குலுங்கும்போது இரண்டும் கலந்து நுரைக்கும். நுரை துளை வழியே சுலபமாக ஓடிவிடும், டேம்பிங் காணாமல் போகும். பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்டியன் புர்சியே டி கார்போன் 1950-களில் இதற்கு வழி செய்தார். அழுத்தமான நைட்ரஜனை ஒரு தனி அறையில் அடைத்து, எண்ணெய்க்கும் அதற்கும் நடுவே மிதக்கும் பிஸ்டன் வைத்தார். எண்ணெய் எப்போதும் அழுத்தத்தில் இருப்பதால் நுரைக்காது. வெளியே தெரியும் டப்பா, அந்த வாயுவுக்கும் கூடுதல் எண்ணெய்க்கும் இடம் தருவதற்காக. ஆக, நல்ல தொழில்நுட்பம்தான்.

ஆனால் என் மஞ்சள் டப்பாவை அறுத்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை. ஷாக்குக்கும் அதற்கும் இடையே ஒரு துளைகூட இல்லை. அலுமினியத்தில் செய்த அலங்காரம். கோபம் வந்தது. ஏமாந்த காசைவிட, அதை நம்பி வீட்டாரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினேனே என்ற கோபம். அதனால் வாங்கும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள். ஸ்பிரிங் வலு எவ்வளவு? முழு ஓட்டம் எவ்வளவு? இதைப் பிரித்து எண்ணெயும் சீலும் மாற்ற முடியுமா? பதில் தெரிந்தவரிடம் வாங்குங்கள். சென்னை ஜி.பி. ரோட்டிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், பொறுமையாகக் கடைகடையாகக் கேட்டால் கிடைப்பார்கள். இங்கிலாந்தின் ஹேகன், ஆஸ்திரேலியாவின் இக்கான் போன்றவை பழைய வண்டிகளுக்கென்றே, எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கோடு ஷாக் தருகின்றன. விலை அதிகம்தான். தினமும் 10 கிலோமீட்டர் ஆபீஸ் போய்வர அந்தச் செலவு தேவையில்லை. சரியான நீளத்தில், தரமான சாதாரண எண்ணெய் ஷாக் தாராளமாகப் போதும். கொடைக்கானலுக்கு இரண்டு பேர், மூட்டை முடிச்சோடு என்றால் செலவு செய்யலாம்.

பழைய ஷாக் என்றால் புதுப்பேட்டையில் கிடைக்கும். ஜோடியாக, ஒரே வண்டியிலிருந்து கழற்றியதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். ஒற்றையாக வாங்கி ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது வேண்டவே வேண்டாம்.

மாட்டும்போது முதலில் ஒரு பக்கம், அது முடிந்தபின் மறுபக்கம். அப்போதுதான் ஸ்விங் ஆர்ம் தன் இடத்திலேயே நிற்கும். சாதாரண எண்ணெய் ஷாக் கடையில் படுத்தே கிடந்திருக்கும், எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் காற்று புகுந்திருக்கும். வண்டியில் எப்படி நிற்குமோ அப்படி நேராகப் பிடித்து, எடையைப் போட்டு ஐந்தாறு முறை அமுக்கி விடுங்கள். தலைகீழாக மாட்டிவிடாதீர்கள். ரப்பர் புஷ் உள்ள ஷாக் என்றால், வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, சக்கரத்தில் நிற்கவைத்த பிறகே நட்டைக் கடைசியாக இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

[காட்சி: சென்டர் ஸ்டாண்டில் வண்டி. சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே கை நுழைகிறது.]

மாட்டி முடித்ததும் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சக்கரத்துக்குக் கீழே கை விட்டுப் பாருங்கள். அப்படியே அந்த மூன்று அளவுகளையும் மறுபடி எடுத்து, தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியபின் நான்கு நட்டுகளையும் ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பார்த்துவிட்டு, அன்றைக்கே அளவையும் இன்னொரு முறை எடுங்கள். புது ஸ்பிரிங் சற்று உட்கார்ந்திருக்கும். அட்ஜஸ்டரில் ஒரு படி ஏற்ற வேண்டியிருக்கலாம்.