விரல் சூப்பும் பிள்ளையும் ஒன்றாம் வகுப்பும்

(ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, இன்னொரு பள்ளி விழாவை முடித்த கையோடு சாப்பிடாமல்கூட ஓடிவந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, பிள்ளைகளுக்கு ஆடவும் பாடவும் சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டிப்போன ஆசிரியப் பெருமக்களே, பொன்னாடை வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் போர்த்திய பெரியவர் அவர்களே, மேடைக்குப் பின்னால் ஒட்டுமீசை வியர்வையில் கழன்றுவிடுமோ என்ற கவலையோடு நிற்கும் குட்டிக் கட்டபொம்மன்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். பந்தல் போட்டவருக்கும் ஒலிபெருக்கி வைத்தவருக்கும் தனி வணக்கம். இவர்களை மேடையில் யாரும் சொல்வதில்லை.

எனக்குக் கொடுத்திருப்பது பதினைந்து நிமிடம். அதில் வணக்கத்துக்கே இரண்டு போய்விட்டது. பிள்ளைகளின் பல்லைக் கெடுக்கும் நான்கு பழக்கங்களைப் பேசப் போகிறேன். விரல் சூப்புவது, வாயால் மூச்சு விடுவது, நாக்கைப் பற்களுக்கு நடுவே துருத்துவது, நகம் கடிப்பது.

இதை எங்கே பேச ஆரம்பித்தாலும் ஒரு பாட்டி எழுந்து, "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும், அது எங்கே டாக்டர் போகப்போகுது?" என்பார். எனக்கு மிகவும் பிடித்த பழமொழி அது. ஆனால் பாட்டி, தொட்டிலுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே ஒன்றாம் வகுப்பு என்று ஒன்று இருக்கிறது. அதை மறந்துவிடாதீர்கள்.

விரல் சூப்புவது நோயல்ல. தாயின் வயிற்றில் இருக்கும்போதே குழந்தை விரல் சூப்புவதை ஸ்கேனில் பார்க்கலாம். பசி, தூக்கம், பயம் எல்லாவற்றுக்கும் அதுதான் கைமருந்து. மூன்று, நான்கு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே விட்டுவிடுவார்கள். அதுவரை அடிக்கவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம்.

விடாத பிள்ளைக்கு என்ன ஆகும்? பல் அசையாத கல் என்று நினைக்கிறோம். உள்ளே நாக்கு தள்ள, வெளியே உதடும் கன்னமும் தள்ள, இரண்டுக்கும் நடுவில் சமாதானமாக நிற்பதுதான் பல். அங்கே கட்டைவிரல் நுழைந்தால் மேல் முன்பல் வெளியே வரும், கீழ்ப்பல் உள்ளே சாயும். நாக்கு கீழே இறங்கிவிடும். கன்னம் இரண்டு பக்கமும் அழுத்தி மேல்தாடை குறுகிப்போகும். கடைவாயைக் கடித்தாலும் முன்னால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது. அந்தப் பிள்ளை முறுக்கை முன்பல்லால் கடிக்க முடியாமல் ஓரத்தில் வைத்துக் கடிக்கும், பாருங்கள். எத்துப்பல் என்று கேலி பேசுவதோடு போகாது. ஓடி விளையாடும்போது விழுந்தால் முதலில் உடைவதும் அந்தப் பல்தான். சூப்பும் வேகத்தைவிட நேரம்தான் முக்கியம். ஐந்து நிமிடம் பலமாகச் சூப்புகிறவனைவிட, ராத்திரி முழுக்க விரலை வாயில் வைத்துத் தூங்குகிறவனுக்குத்தான் ஆபத்து.

ஒரு கதை சொல்கிறேன். பேர், ஊர் வேண்டாம்.

ஒன்பது வயதுப் பையன். அப்பா, அம்மா, பாட்டி என்று குடும்பமே வந்திருந்தது. "இவன் சூப்புறானா?" என்றேன். "ஐயோ, அதெல்லாம் விட்டுட்டான்" என்றார் அம்மா. நான் வாயைப் பார்க்கவில்லை, "கையைக் காட்டு தம்பி" என்றேன். ஒன்பது விரலிலும் மண். வலது கட்டைவிரல் மட்டும் கழுவித் துடைத்ததுபோலப் பளபளவென்று, முட்டியில் காய்ப்போடு இருந்தது! அப்புறம் பாட்டி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். வேப்பெண்ணெய் தடவினார்களாம். இரண்டு நாளில் அந்தக் கசப்பு பழகிவிட்டது. கற்றாழைச் சோறு தடவினார்கள், கழுவிவிட்டு வந்தான். மிளகாய்த்தூள் தடவிய அன்று அதே கையால் கண்ணைத் தேய்த்து, வீடே அல்லோலகல்லோலம். துணியால் வலது கையைக் கட்டினார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் இடது கை வாயில்! கடைசியில் பாட்டியே சமாதானமும் சொன்னார்: "ஆலிலைக் கண்ணனே கால்விரலைச் சூப்பினான், இவன் கைவிரலைத்தானே சூப்புறான்?" கண்ணனுக்குப் பிரளயத்தில் வேறு வேலை இல்லை பாட்டி, இவனுக்கு நாலாம் வகுப்புக் கணக்கு இருக்கிறது என்றேன்.

"இந்தப் பழக்கம் எங்க வம்சத்திலேயே கிடையாது சார்" என்று அப்பா சத்தமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பையன்தான் அதை முதலில் பார்த்துச் சிரித்தான்.

எல்லோரையும் வெளியே உட்காரவைத்துவிட்டு, "எப்போ தம்பி சூப்பணும்னு தோணும்?" என்று கேட்டேன். "அம்மாவுக்கு நைட் ஷிப்ட் இருக்கிற அன்னிக்கு" என்றான். அப்பா, அம்மா இருவருக்கும் மில் வேலை. ஆளுக்கொரு ஷிப்ட். மிளகாய்த்தூளால் தீருகிற விஷயமா இது? ஒரு தேதிக் காலண்டரைக் கொடுத்தேன். சூப்பாமல் தூங்கிய நாளுக்கு அவனே ஒரு நட்சத்திரம் ஒட்ட வேண்டும். அம்மா வேலைக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம் அவன் பக்கத்தில் படுத்துக் கதை சொல்ல வேண்டும். ஞாபகத்துக்காக விரலில் ஒரு பிளாஸ்திரி. அதுவும் அவன் சம்மதத்தோடுதான். அப்பாவுக்கும் ஒரு காலண்டர் கொடுத்தேன். பையனுடையது முதலில் நிறைந்தது. அப்பாவுடையது இன்னும் பாதியில் நிற்பதாகக் கேள்வி.

ஆனால் கிளிப் போட வேண்டியதாகிவிட்டது. நிலைத்த முன்பற்கள் முளைப்பதற்கு முன்பே சூப்புவதை விட்டிருந்தால், பெரும்பாலும் பல் தானாகவே சரியாகியிருக்கும். ஒன்றாம் வகுப்பு என்று ஒன்று இருக்கிறது என்றேனே, அது இதற்குத்தான்.

இரண்டாவது, வாயால் மூச்சு விடுவது. தூங்கும்போது வாய் திறந்திருக்கிறதா, குறட்டை வருகிறதா, உதடு வறண்டு வெடிக்கிறதா, பாருங்கள். பிள்ளையை "வாயை மூடு" என்று திட்டுவதில் பயனில்லை. மூக்கு அடைத்திருந்தால் அது எப்படி மூடும்? மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம், ஒவ்வாமைச் சளியாகவும் இருக்கலாம். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். பிறகு எங்களிடம் வரலாம். நாக்குத் துருத்தலையும் நகத்தையும் பேச நேரம் போதாது. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நகத்துக்கு அந்த அப்பாவையே சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த காரியத்துக்கு வருகிறேன். ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முதல் நிலைத்த கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால், பால்பல்தானே, விழுந்துவிடும் என்று வீட்டில் கவனிக்காமல் விடுகிறோம். அதே வயதில்தான் முன்பல்லும் மாற ஆரம்பிக்கிறது. பிள்ளை ஒன்றாம் வகுப்பில் உட்காருவதும் அப்போதுதான். வாயைப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வயது இல்லை.

2013 முதல் தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு வண்டியில் பள்ளிக்கு வருகிறது. பார்க்க வேண்டிய குறைகளின் பட்டியலில் பல்லும் இருக்கிறது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் வருகிறார்கள், வரட்டும், நல்ல திட்டம்தான். அந்த வண்டியில் பல் மருத்துவருக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். எல்லா வகுப்புக்கும் வேண்டாம், ஒன்றாம் வகுப்புக்கு மட்டும். வருடத்தில் ஒரு நாள் போதும். பல் மருத்துவம் படித்துவிட்டு வேலைக்கு அலையும் பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர்! நாற்காலி, மின்சாரம் எதுவும் வேண்டாம். வெளிச்சமும் சின்னக் கண்ணாடியும் இருந்தால், ஒரு வகுப்பை ஒரு முற்பகலில் பார்த்துவிடலாம். கேட்காமல் விட்டோமானால் தொட்டில் பழக்கம் நிஜமாகவே சுடுகாடு மட்டும் போகும்.

ஊராட்சி மன்றத் தலைவர் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்க வேண்டும். அம்மா தலையசைக்கிறார், எல்லோரும் சாட்சி! மனு எழுதி, சத்துணவுக் கூடத்து வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கட்டைவிரல் ரேகை வைக்கலாம். விரலை யாரும் சூப்பியிருந்தால் துடைத்துவிட்டு வையுங்கள், மை பிடிக்காது. கலை நிகழ்ச்சி முடிந்து கிளம்பும் அவசரத்தில் மறந்துபோகும். ஆகையால் இப்போதே இரண்டு இரண்டு பேராக எழுந்துபோய்ப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள், கட்டபொம்மன் அதுவரை காத்திருப்பார். வணக்கம்.