மாப்பிள்ளை கையிலும் கொடுங்கள்

வணக்கம். இங்கே கிளம்பும்போது என் மனைவி ஒன்றுதான் சொன்னாள்: "மேடை ஏறினதும் அளந்து விடாதீங்க." சரி, உண்மையையே சொல்கிறேன். மகளை முதலில் பார்த்தபோது எனக்குப் பாசம் பொங்கவில்லை. பயம்தான் வந்தது. 34 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1 கிலோ 800 கிராம்.

மனைவிக்கு சிசேரியன், கூடவே காய்ச்சல். இரண்டாம் நாள் ஒரு நர்ஸம்மா வந்து, "சட்டை பட்டனைக் கழற்றுங்க" என்றார். டயபரும் தொப்பியும் மட்டும் போட்ட குழந்தையை என் நெஞ்சில் நிமிர்த்தி, காலைத் தவளை மாதிரி மடக்கி, மூக்கு அடைபடாமல் தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் சேர்த்துக் கட்டிவிட்டுப் போய்விட்டார். மூச்சு விடவே பயம். குனிந்தால் உச்சிக்குழி துடிப்பது தெரிகிறது. பேசுங்கள் என்றார்களே, என்ன பேசுவது? நான் மளிகைக்கடைக்காரன். யார் யார் எவ்வளவு பாக்கி என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதிப் பட்டியலில் தூங்கிவிட்டாள்.

கங்காரு முறை என்பது இதுதான். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற டாக்டர் தொடங்கினார். அங்கே இன்குபேட்டர் போதவில்லை. ஒன்றிலேயே இரண்டு மூன்று குழந்தைகள், தொற்று வேறு. அம்மா நெஞ்சுச் சூட்டிலேயே வளர்க்கலாம் என்று இறங்கினார். எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்ததுமே இதைத் தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்லி 2022இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. அம்மாவால் முடியாத நேரத்தில் அப்பா நெஞ்சும் ஆகும்.

முன்வரிசையில் மாமியார்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நல்ல வழக்கம்தான், பெண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது. ஆனால் அப்பன்காரன் ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ ஆப்பிளோடு விருந்தாளி மாதிரி வந்து இறங்குகிறான். குழந்தையைத் தூக்கி இரண்டு நிமிஷம் ஆகாது, "கழுத்து நிக்கல மாப்பிள்ளை, இப்படிக் குடுங்க" என்று வாங்கிவிடுகிறீர்கள். ஐந்தாம் மாசம் அவன் வீட்டுக்கு வந்த குழந்தை அவனைப் பார்த்து வீரிட்டு அழுதால், "அப்பாவையே தெரியல பாரு" என்று சிரிக்கிறோம். எப்படித் தெரியும்?

அம்மாவுக்கு இதில் ஒரு முன்பணம் உண்டு. வயிற்றுக்குள்ளேயே அவள் குரல் கேட்டுப் பழகிய பிள்ளை, பிறந்த மூன்று நாளுக்குள் மற்ற குரல்களைவிட அதை விரும்பிக் கேட்கிறது என்று 1980இல் அமெரிக்காவில் சோதித்துக் காட்டினார்கள். நான்கு வருஷம் கழித்து அப்பா குரலை வைத்துப் பார்த்தார்கள். அந்த விருப்பம் தெரியவில்லை. நாம் கைக்காசு போட்டுத்தான் கடையைத் தொடங்க வேண்டும். துணி மாற்றுவது, ஏப்பம் விட வைப்பது, ராத்திரி இரண்டு மணிக்குத் தோளில் போட்டு நடப்பது, எல்லாம் அந்தக் காசுதான்.

என் மாமியாரும் முதலில் பிடுங்கியவர்தான். இப்போது குழந்தை அழுதால் கடைக்கே போன் வருகிறது: "மாப்பிள்ளை, அந்தப் பாக்கிக் கணக்கைக் கொஞ்சம் சொல்லுங்க, தூங்க மாட்டேங்குறா."