பால் நிறைந்த வயிற்றில் சோற்றுக்கு இடமில்லை

(தொண்டிக்குத் தெற்கே ஒரு மீனவர் குடியிருப்பில், ஆகஸ்ட் முதல் வாரம் நடந்த தாய்ப்பால் வாரக் கூட்டத்தில் பேசியது.)

தாய்மார்களே, பெரியவர்களே, கரைக்கு வந்த கையோடு பின்னால் வந்து நிற்கிற அண்ணன் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கடற்கரையில் செவிலியராக இருந்தவள் நான். இங்கே உட்கார்ந்திருக்கிற பெண்களில் பல பேருக்குச் சின்ன வயதில் தடுப்பூசி போட்டது இந்தக் கைதான். அந்த உரிமையில் இன்று கொஞ்சம் கசப்பான விஷயம் பேசப்போகிறேன். தாய்ப்பாலைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் பேச வந்தது மாட்டுப்பால்.

ஒரு பையன். ஒன்றரை வயது. பெயரும் ஊரும் வேண்டாம். காய்ச்சல், சளி என்று அவனைக் கொண்டுவரவில்லை. "அக்கா, இவன் இன்னும் நடக்க மாட்டேங்கிறான், எந்நேரமும் மடியிலேயே கிடக்கிறான்" என்று அம்மா தூக்கி வந்தாள். பார்த்தால் கொழுகொழுவென்று இருக்கிறான். எடையில் குறையே இல்லை. கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய இடம் நுங்கு மாதிரி வெளுத்திருந்தது. வாசலில் உட்கார வைத்தால் மணலை அள்ளித் தின்கிறான், அதற்கு அடியும் வாங்குகிறான் என்பதை அப்புறம்தான் சொன்னாள். ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 6. அந்த வயதில் பத்தரை, பதினொன்றாவது இருக்க வேண்டும்.

என்னம்மா கொடுக்கிறாய் என்று கேட்டேன். "பால்தான் அக்கா, அதில் ஒரு குறையும் வைக்கல" என்றாள். விடிந்ததும் ஒரு பாட்டில், பத்து மணிக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ராத்திரி தூக்கத்தில் ஒன்று. கூட்டிப் பார்த்தால் ஒரு லிட்டர். சோறு? "வாயில் வைத்தால் துப்பிடுறான். சரி, பாலாவது குடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பால் கொடுத்தால் பிள்ளை தேறும் என்று அவளுக்குச் சொன்னது நாம்தான். அவள் அம்மா சொன்னாள், பக்கத்து வீடு சொன்னது, டிவி விளம்பரம் சொன்னது. கடன் வாங்கிப் பால் வாங்கியிருக்கிறாள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். ஒரு லிட்டர் மாட்டுப்பாலில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. அதோடு, பாலில் இருக்கிற சுண்ணாம்புச்சத்து, கூடச் சாப்பிடுகிற மற்ற உணவின் இரும்பையும் உடம்பில் சேர விடாமல் கொஞ்சம் தடுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பால் நிறைந்த வயிற்றில் பசி இல்லை. பசி இல்லாத பிள்ளை சோற்றைத் துப்பத்தான் செய்யும். துப்புகிறதே என்று இன்னொரு பாட்டில். இப்படியே சுற்றிக்கொண்டு வந்து, பார்வைக்குக் கொழுத்த பிள்ளை உள்ளே ரத்தமில்லாமல் கிடக்கிறது.

டாக்டர் இரும்புச்சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். பாலை ஒரு டம்ளராகக் குறைத்தோம், பாட்டிலைத் தூக்கிப் போட்டோம். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். சாளையும் நெத்திலியும் இல்லாத நாள் அந்த வீட்டில் குறைவு. அந்த மீன் அவன் வாய்க்கு மட்டும் போகவில்லை. குழம்பில் காரம் போடுவதற்கு முன்னால் இரண்டு துண்டை எடுத்து வைத்து, முள் பார்த்து, சோற்றோடு பிசைந்து கொடு என்றேன். நாலு நாள் அழுதான். அஞ்சாவது நாள் பசி வந்துவிட்டது. முதலில் நின்றது மண் தின்பது. அப்புறம் சுவரைப் பிடித்து எழுந்தான்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள இந்தியப் பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை. அத்தனைக்கும் பால்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். வயிற்றுப் பூச்சி இருக்கிறது, தாய்க்கே ரத்தமில்லாதது இருக்கிறது, வறுமை இருக்கிறது. ஆனால் வீட்டில் மீன் இருந்தும் பாட்டிலால் ரத்தமிழந்த பிள்ளையைப் பார்க்கும்போது எனக்குத் தாங்கவில்லை.

ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு இது இன்னும் கடுமை. கன்று ஒன்றரை மாதத்தில் தன் பிறந்த எடையைப் போல் இரண்டு மடங்கு ஆகிவிடும். மனுசக் குழந்தைக்கு அதற்கு நாலைந்து மாதம் ஆகும். அந்த வேகத்துக்குத் தக்கபடி பசுவின் பாலில் புரதமும் உப்புச்சத்தும் தாய்ப்பாலைவிட மூன்று மடங்கு. பச்சைக் குழந்தையின் சிறுநீரகம் அதைச் சுமக்கத் திணறும். சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியும். தண்ணீர் கலந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், அப்போது இருக்கிற சத்தும் போய்விடும். என் மூத்த மகளுக்கு மூன்றாம் மாதமே தண்ணீர் கலந்த பசும்பால் கொடுத்துவிட்டு நான் வேலைக்குப் போனேன். படித்த எனக்கே அன்று அதுதான் வழி என்று பட்டது. இன்று நினைத்தாலும் நெஞ்சில் குத்துகிறது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவை அவித்துப் புட்டு வைத்துக் கொடுப்பது நம் கரையோர வழக்கம். தாய்க்குப் பால் சுரக்கட்டும் என்று அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். அப்படிச் சுரந்த பாலை விட்டுவிட்டு மூன்றாம் மாதம் பாக்கெட்டை ஏன் வெட்ட வேண்டும்? ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு கூழ், பருப்பு, கீரை, மீன் எல்லாம், இரண்டு வயது வரை தாய்ப்பாலும் கூடவே.

இன்னொன்று, காலையில் கடைக்குப் போனால் பார்க்கிறேன். இரண்டு வயதுப் பிள்ளை கையில் பால் டீ, அதில் நனைத்த பன். அதுதான் காலைச் சாப்பாடு. பாலும் தேயிலையும் சேர்ந்து இரும்பைத் தடுக்கும், சர்க்கரை பல்லைத் தின்னும். சின்னப் பிள்ளைக்கு டீத்தண்ணி வேண்டாம். இதில் பேரம் பேசாதீர்கள்.

சரி, பெரியவர்களுக்கு வருகிறேன். பால் குடித்தால் வயிறு உப்புகிறது, கடமுடா என்கிறது, போக்கு எடுக்கிறது என்று சொல்பவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள். பாருங்கள். இது நோயும் இல்லை, வாய்வு என்று பயப்படவும் வேண்டாம். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கிற நொதி, பால்குடி மறந்ததும் மனுசருக்குக் குறைந்துபோவதுதான் இயற்கை. உலகத்துப் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு இப்படித்தான். வட இந்தியர்களைவிடத் தென்னிந்தியர்களான நமக்கு அதிகம். தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், உறை ஊற்றும்போது உறைமோரில் உள்ள கிருமி அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. ஆனால் குழந்தைக்குப் பால் பட்டதும் தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு, மலத்தில் ரத்தம் என்றால் அது வேறு, பால் புரத ஒவ்வாமை. அதற்குத் தயிரும் ஆகாது. உடனே டாக்டரிடம் போங்கள்.

மாடு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள், இது நம் ஈரக்காற்றுக்கு முக்கியமானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலைப் புண்ணாக்கு மூட்டையைத் தரையோடு போட்டு வைத்தால் பச்சையாகப் பூசணம் பிடிக்கும். "மாடுதானே தின்கிறது" என்று தட்டிவிட்டுப் போடுகிறோம். அந்தப் பூசணத்தின் அஃப்லாடாக்ஸின் என்கிற நஞ்சு மாட்டின் உடம்பு வழியாக ஒன்றிரண்டு நாளில் பாலுக்கு வந்துவிடும். எத்தனை கொதி கொதித்தாலும் போகாது. நாள்பட்டால் ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரை கொண்டுபோகும். 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. உயிருக்கு ஆபத்தான கலப்படம் இருந்தது வெறும் 12இல். இந்த நஞ்சு அளவுக்கு மேல் இருந்தது 368இல். அதில் 88 நம் தமிழ்நாட்டு மாதிரிகள். பாலில் யூரியா கலக்கிறார்களா என்று ஊரெல்லாம் பேசுகிறோம், நம் தொழுவத்து மூட்டையைத் திறந்து பார்ப்பதில்லை. பலகை போட்டு அதன் மேல் மூட்டையை வையுங்கள், சுவரில் ஒட்டாமல் வையுங்கள். பூத்ததைக் கொட்டிவிடுங்கள், கோழிக்கும் போட வேண்டாம்.

கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடிக்கிற வழக்கம் இருந்தால் விடுங்கள். கன்று வீசுகிற, அதாவது குறைமாதத்தில் கரு கலைகிற, மாட்டிடமிருந்து விட்டுவிட்டு வருகிற காய்ச்சல் மனுசருக்கும் தொற்றும். காசநோய்க் கிருமியும் வரும். இதற்குக் கொதிக்க வைத்தாலே போதும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

பாலால் புற்றுநோய் வருமா என்று போன கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நிறையப் பால் குடிக்கிற ஆண்களுக்கு, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் என்கிற சுரப்பியில் புற்றுநோய் கொஞ்சம் கூடலாம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. அதே பால் பெருங்குடல் புற்றுநோயைக் குறைப்பதாகவும் காட்டுகின்றன. இதை வைத்துப் பயப்படவும் வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம்.

அப்போ பாலே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ஒரு டம்ளர், மிஞ்சினால் இரண்டு. டம்ளரில்தான், பாட்டிலில் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்காதீர்கள். எலும்புக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். முள்ளோடு மென்று தின்கிற நெத்திலியில் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, எள்ளில் இருக்கிறது, கேழ்வரகில் எடைக்கு எடை பாலைப் போல் மூன்று மடங்கு இருக்கிறது. கேழ்வரகில் உள்ளது முழுக்க உடம்பில் சேராது, அதனால் முளைகட்டி அரையுங்கள்.

கூட்டம் முடிந்ததும் யாரும் கலைந்துவிடாதீர்கள். அங்கன்வாடித் திண்ணையில் தங்கச்சி ரத்தம் பார்க்கிற கருவியோடு உட்கார்ந்திருக்கிறாள். விரல் நுனியில் ஒரு குத்து, அவ்வளவுதான். அஞ்சு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளை முதலில் கூட்டிக்கொண்டு வாருங்கள். பாட்டில் வைத்திருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது என்று சேர்ந்து அளந்து பார்ப்போம்.