எயுவாவுக்கு வந்து சேர்ந்தவர்கள்

அவையோருக்கு வணக்கம்.

உலக வரைபடத்தில் டோங்காவைத் தேடுகிறவர்கள் நியூசிலாந்திலிருந்து வடகிழக்காக விரலை நகர்த்த வேண்டும். சுமார் 170 தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் 750 சதுர கிலோமீட்டர்தான். மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். "இவ்வளவு சின்ன நாட்டைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேச என்ன இருக்கிறது?" என்று தலைவர் என்னிடம் கேட்டார். "நிலம்" என்றேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

இந்தத் தீவுகளுக்குக் கிழக்கே கடலடியில் டோங்கா அகழி ஓடுகிறது. அதன் அடி 10,800 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மரியானா அகழிக்கு அடுத்த ஆழம் இதுவே. புவியோட்டின் பசிபிக் தட்டு அங்கே கீழே அமிழ்கிறது. அதனால் மேற்கு வரிசைத் தீவுகள் எரிமலைகள். கிழக்கு வரிசை சுண்ணாம்புப் பாறையும் பவளமும். தலைநகர் நுக்குஅலோஃபா இருக்கும் டோங்காடாப்பு கிழக்கு வரிசையைச் சேர்ந்தது. அதற்குத் தென்கிழக்கே, கப்பலில் போய்ச் சேரும் தூரத்தில், எயுவா. பாறைகளின் வயது 4 கோடி ஆண்டு; டோங்காவிலேயே மூத்த தீவு. மேடானது, காடு உள்ளது. சுற்றுலா விளம்பரங்கள் வவாவு தீவுகளின் திமிங்கலங்களைத்தான் காட்டும். நான் எயுவாவையே பிடித்துக்கொள்கிறேன்.

மனிதர்கள் இங்கே கால் வைத்து ஏறத்தாழ 2,800 ஆண்டுகள் ஆகின்றன. டோங்காடாப்புவின் நுக்குலேக்காவில் லபிட்டா எனப்படும் அவர்களுடைய பழங்கால மட்பாண்டச் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. பிறகு துயி டோங்கா அரசர்கள் வந்தார்கள். அண்டைத் தீவுகளிலிருந்தும் திறை வாங்கினார்கள். மூன்று பெரும் பவளக் கற்களால் அவர்கள் எழுப்பிய ஹாஅமோங்கா வாயில் இன்றும் நிற்கிறது. 1643இல் டச்சு மாலுமி டாஸ்மன் வந்தார். 1773இல் கேப்டன் குக் முதலில் இறங்கியது எயுவாவில்தான். விருந்தோம்பலில் மகிழ்ந்து அவர் இவற்றை நட்புத் தீவுகள் என்று அழைத்தார். 1777இல் அதே விருந்தோம்பலுக்கு இடையே அவரைக் கொல்லத் தலைவர்கள் திட்டமிட்டதாகவும், எப்போது தாக்குவது என்பதில் உடன்பாடில்லாமல் அது கைவிடப்பட்டதாகவும் பின்னர் அங்கே வாழ்ந்த வில்லியம் மரினரின் விவரங்களிலிருந்து தெரிகிறது. குக் கடைசிவரை அதை அறியவில்லை.

இனி 1863. டோங்காவின் தென்கோடியில் அட்டா என்றொரு தீவு. ஒரு திமிங்கல வேட்டைக் கப்பல் வந்தது. வாணிபம் செய்யலாம் என்று மக்களைக் கப்பலுக்கு அழைத்து, அறைகளைப் பூட்டி, 144 பேரைக் கொண்டுபோய்விட்டார்கள். பெரு நாட்டுக்குக் கூலியாட்களைப் பிடித்து விற்ற காலம் அது. போனவர்கள் திரும்பவில்லை. எஞ்சியிருந்த சுமார் 200 பேரையும் அரசர் முதலாம் டுபோ எயுவாவுக்குக் குடியேற்றினார். அட்டா ஆளில்லாத் தீவானது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1965இல், பள்ளிச் சிறுவர்கள் ஆறு பேர் படகு திசைமாறி அங்கே ஒதுங்கி, ஓராண்டுக்கு மேல் உயிர் பிழைத்திருந்தார்கள். 1863இல் போனவர்கள் விட்டுச்சென்ற கோழிகளின் வழித்தோன்றல்களும் வாழையும் அவர்களுக்கு உணவாயின.

இந்த டுபோ சாதாரண ஆள் அல்லர். 1862 ஜூன் 4 அன்று தலைவர்களுக்குச் செய்யும் கட்டாய ஊழியத்திலிருந்து குடிமக்களை விடுவித்தவர். சுற்றிலும் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டஹிட்டி பிரான்சிடம் போயிற்று. 1874இல் பிஜி பிரிட்டனிடம் போயிற்று. அடுத்த ஆண்டே அவர் ஓர் அரசியல் சாசனம் கொண்டுவந்தார். அதில் ஒரு விதி: நிலத்தை யாரும் விற்கக் கூடாது. குத்தகைக்கு விடலாம், விற்க முடியாது. அரசரே விற்க முடியாது. பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்கு 1903 முதல் சென்னையிலிருந்து நம்மவர்களைக் கப்பலேற்றினார்களே, அப்படியொரு கப்பல் டோங்காவுக்குப் போகவில்லை. 1900இல் பிரிட்டனின் பாதுகாப்பை ஏற்க வேண்டியிருந்தது. ஆனால் முடியாட்சி அறுபடவில்லை. 1970இல் அதே ஜூன் 4 அன்று அந்தப் பாதுகாப்பும் முடிவுக்கு வந்தது.

இந்த நிலச் சட்டத்தை நான் கண்மூடிப் புகழ மாட்டேன். 16 வயது நிரம்பிய ஆணுக்கு எட்டேகால் ஏக்கர் உரிமை என்று சட்டம் சொல்கிறது. அத்தனை பேருக்கும் கொடுக்க இன்று நிலம் இல்லை. பெண்ணுக்கு அந்த உரிமையே இல்லை. குடும்பத்துக்குள் நிலைமை தலைகீழ்: தகப்பனுக்கு மேலே அத்தை. இறுதிச் சடங்கில் மிக உயர்ந்த இடம் அவளுக்கு. அவளுடைய பிள்ளைகள் தாய்மாமன் வீட்டில் விரும்பியதை உரிமையோடு கேட்டு வாங்கலாம். நம்முடைய தாய்மாமன் சீரை இன்னும் நான்கு மடங்கு வலுவாக்கினால் அதுதான். இத்தனை மதிப்புள்ள அத்தைக்கு ஒரு துண்டு நிலம் கிடையாது என்பது எனக்கு உறுத்துகிறது.

எயுவாவுக்குத் திரும்புவோம். டோங்காவின் வடகோடியில் நியுஅஃபோஉ என்ற எரிமலைத் தீவு. அங்கே கப்பல் அணைய இடமில்லாததால், அந்தக் காலத்தில் தபாலைத் தகரப் பெட்டியில் அடைத்து, நீச்சல்காரர்கள் கரைக்குக் கொண்டுபோவார்கள். 1946 செப்டம்பரில் எரிமலை வெடித்தது. ஓர் உயிரும் போகவில்லை. ஆனால் அரசி சலோட்டே தீவையே காலி செய்ய ஆணையிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்த மக்களில் பலர் கடைசியில் குடியேறியது எயுவாவில். தங்கள் பழைய ஊர்ப்பெயர்களையே புதிய ஊர்களுக்கும் வைத்தார்கள். 1958 முதல் சிலர் சொந்தத் தீவுக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

2022 ஜனவரி 15 அன்று ஹுங்கா எரிமலை வெடித்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். புகை 57 கிலோமீட்டர் உயரம் சென்றது. ஓசை அலாஸ்காவரை கேட்டது. கடலடிக் கம்பிவடம் அறுந்து, ஐந்து வாரம் நாடு இணையத் தொடர்பின்றிக் கிடந்தது. மாங்கோ என்ற சிறு தீவில் இருந்த அத்தனை வீடுகளையும் ஆழிப்பேரலை அடித்துச் சென்றது. அங்கே பிழைத்தவர்களுக்குப் புது வீடுகள் கட்டித் தந்த இடம் எது? எயுவாதான்.

நிலம் சந்தையில் இருந்திருந்தால், மூன்று முறையும் வீடிழந்து வந்தவர்கள் விலை விசாரித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். ஆனால் எயுவா 87 சதுர கிலோமீட்டர்தான். அதிலும் கிழக்கே ஒரு பகுதி தேசியப் பூங்கா. கடல்மட்டம் உயர உயர, டோங்காடாப்புவின் தாழ்ந்த கரையோர மக்களும் ஒருநாள் இடம் கேட்பார்கள். அன்று பிரபுக் குடும்பங்களின் பரம்பரைப் பண்ணைகளில் கைவைக்காமல் ஆகாது. அந்தக் குடும்பங்களுக்கு நாடாளுமன்றத்தின் 26 இடங்களில் ஒன்பது ஒதுக்கப்பட்டிருக்கின்றன.